பஸ் பிரயாணியை எங்கே இறக்குவது?

இரவு பத்து மணி. கடைசி பஸ்ஸில் வரும் ஒரு பெண்மணி, தோளில் உறங்கும் குழந்தையுடன் எழுந்து நின்று, தன் ஊருக்குப் பாதை பிரியுமிடத்தில் இறக்கிவிடும்படி கண்டக்டரை வேண்டுகிறாள். அவ்விடத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுத்துமிடம் இல்லை. அடுத்த நிறுத்துமிடம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நிறுத்தினால் டிரைவர் உத்தரவை மீறினவராகிறார். நிறுத்தாமற் சென்றாலோ, அப்பெண்மணி அந்த ஒன்றரைக் கிலோமீட்டரையும் இருளில் திரும்பி நடந்தாக வேண்டும். இவ்விரண்டில் எதைக் குற்றமென்று சொல்வது?

இது அற்ப விஷயம், இதற்கு ஒரு பத்திரிகையில் இவ்வளவு இடம் ஒதுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களிற் பெரும்பாலோர் சொந்த மோட்டாரில் வாசற்படி வரையில் சென்று இறங்குபவர்களாயிருத்தல் கூடும். பஸ்ஸையன்றி வேறு வாகனம் அறியாத ஜனங்களுக்கோ இது நாள்தோறும் எழும் கேள்வி. அன்றியும், அதிகாரத்துக்கும் பிரஜைக்கும் உள்ள சம்பந்தம் சட்டசபை மண்டபத்தில் தெரிவதைக் காட்டிலும் பஸ்ஸின் படிக்கட்டில் நன்றாகத் தெரியும்.

குறிப்பிட்ட நிறுத்துமிடத்தில் அன்றி வேறெங்கும் யாரையும் இறக்கலாகாது, இதற்கு விலக்கே கூடாது என்று அதிகாரிகள் சொல்லுகின்றனர். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் கேட்குமிடத்தில் இறக்கினால் என்ன குடி முழுகிப்போகும் என்று பிரயாணிகள் சொல்லுகின்றனர். இரு கட்சியிலும் பாதி நியாயமே இருக்கிறது. பகலுக்கு ஒரு விதியும் இரவுக்கு ஒரு விதியும், நகரத்துக்கு ஒரு விதியும் கிராமப் பாதைக்கு ஒரு விதியும் வேண்டும் என்பதும், அவ்விதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆவது பிரிவு, பஸ்ஸுக்குப் பெர்மிட் வழங்கும்போது விதிக்கத்தக்க நிபந்தனைகளை வரிசையாகக் கூறுகிறது. நகரசபை எல்லைக்குள்ளும், விதிகளிற் குறிக்கப்படும் மற்ற இடங்களிலும், குறிப்பிட்ட ஸ்தானங்களிலன்றிப் பிரயாணிகளை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இந்த ஷரத்தைக் கூர்ந்து படிப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் புலப்படும். இது சட்டமே நேராகப் போட்ட தடையன்று. போக்குவரத்து அதிகாரிகள் வேண்டுமானால் விதிக்கலாமென்று விடப்பட்ட நிபந்தனை. மேலும், நகர எல்லையையே பிரதானமாகக் கருதி இது எழுதப்பட்டிருக்கிறது. கிராமப் பாதைகளை விதிகளால் தனியே சேர்த்தாலொழிய அவை இதற்குள் வாரா. அதே சட்டத்தின் 117ஆவது பிரிவு, பிரயாணிகளை ஏற்றி இறக்குவதற்கு வேண்டிய நேரத்துக்கும் அதிகமாகப் பஸ்கள் நிற்கத்தக்க இடங்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுக்கிறது. ஆகவே, வண்டி தங்குவது வேறு, ஒரு கணம் நின்று ஒருவரை இறக்கிவிட்டுப் போவது வேறு என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்தே இருந்தனர். இரவில் ஓர் ஏழைப் பெண்ணை அவள் ஊர்ப் பாதையில் இறக்குவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று யாரேனும் சொன்னால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டம் இடங்கொடுக்கிறது என்பதனாலேயே நினைத்த இடத்திலெல்லாம் இறக்கிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. நகரத்தில் பகல் வேளையில் இவ்வழக்கம் உயிருக்கே உலை வைப்பதாகும். நமது தேசத்தில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கத்தில் செல்வதால் பஸ்ஸின் படிக்கட்டும் இடப்பக்கத்தில் இருக்கிறது. நிறுத்துமிடத்தில் பஸ் ஓரங்கட்டி நடைபாதையை ஒட்டி நின்றால், இறங்குபவர் நேரே நடைபாதையில் கால் வைப்பார். சிக்னலுக்காகவோ நெரிசலினாலோ நடுச்சாலையில் நிற்கும்போது ஒருவர் குதித்தால், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவேயுள்ள சந்தில் புகுந்து வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு முன்னால் அவர் விழுகிறார். அவனுக்கு இவர் இறங்கப்போவது தெரியாது. இவருக்கு அவன் வருவது தெரியாது. டிரைவருக்கோ பின்புறப் படிக்கட்டில் நடப்பது கண்ணாடியில் பாதிதான் தெரியும். மற்றொரு அபாயம் இதனினும் பெரிது. இறங்கியவர் பஸ் நகரும் வரையில் பொறுக்காமல் அதன் முகப்பைச் சுற்றிச் சாலையைக் கடக்க முற்படுவார். பஸ்ஸை முந்திக்கொண்டு வரும் வண்டிக்கு அவர் தலை தென்படுவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். நாற்சந்தி, பாலம், வளைவு, மேம்பாலத்தின் இறக்கம் ஆகிய இடங்களில் இறக்கிவிடும்படி கேட்பவர் தமது உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

2012ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னைப் பெருங்குடியருகே பஸ்ஸின் ஓரத்தில் தொங்கிச் சென்ற மாணவர் நால்வர் லாரி மோதி மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இறங்குமிடத்தைப் பற்றிய விபத்தன்று. எனினும் பஸ்ஸின் இடப்பக்கத்தில் மரணம் எவ்வளவு சமீபத்தில் நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஓடும் பஸ்ஸில் கதவு மூடியிருக்க வேண்டும், நிறுத்துமிடத்தில்தான் திறக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பகலில், நகரத்தில், தளர்த்தலாகாது. இந்த மட்டில் அதிகாரிகள் பக்கமே நாம் நிற்கிறோம்.

கிராமப் பாதைக்கு வருவோம். இங்கே ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரவில் கடைசி ஊரில் தங்கி விடியற்காலையில் புறப்படும் பஸ்ஸை நைட் ஹால்ட் வண்டி என்பார்கள். அதன் டிரைவரும் கண்டக்டரும் அப்பாதையிலுள்ள குடும்பங்களை முகம் பார்த்து அறிந்தவர்கள். இன்னார் கிணற்றடியில் இறங்குவார், இன்னார் மகள் பள்ளிக்கூடத்து முக்கில் இறங்குவாள் என்பது கண்டக்டருக்கு மனப்பாடம். அவர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு ஊதினால் புறப்படும். 1997ஆம் வருஷத்தில் குக்கிராமங்களுக்கென ஏற்பட்ட மினி பஸ்களிலும் கை காட்டிய இடத்தில் ஏறி, சொன்ன இடத்தில் இறங்குவதே சாதாரண அனுபவம். இவ்வழக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் அழிக்க நினைப்பது அறிவீனம். வழக்கத்திலுள்ள குறை, அது டிரைவரின் தயவை நம்பி நிற்கிறது என்பதே. தயவு உள்ளவர் இருக்கும் வரையில் நிற்கும். அவர் மாற்றலாகிப் போனால் நின்றுவிடும்.

தயவும் ஆளைப் பார்த்தே வருகிறது. தென்ஜில்லா ஒன்றில் சென்ற ஐப்பசி மாதத்தில் நாம் பிரயாணம் செய்த பஸ்ஸில் இதைக் கண்ணாரக் கண்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வயோதிகர் ஒருவர், கையில் மருந்துப் பையுடன், தமது தோப்பு வழியில் இறக்கும்படி கேட்டார். "ஸ்டாப்பில்தான் நிற்கும், பெரியவரே, செக்கிங் வந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள்?" என்று கண்டக்டர் மறுத்துவிட்டார். வயோதிகரும் ஒன்றும் பேசாமல் அடுத்த நிறுத்துமிடத்தில் இறங்கி, துண்டைத் தலையிற் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். ஐந்து நிமிஷம் சென்றதும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இருந்த இடத்தை விட்டு எழாமலே, "இங்கே ஓரங்கட்டுங்க" என்றார். அவர் வீட்டு வாசலில் பஸ் நின்றது. விதி வயோதிகருக்கு மாத்திரம்தானா என்று கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை. கேளாதிருந்தது நமது பிழையே.

கண்டக்டரை மட்டும் குறை கூறுவது எளிது. அவருடைய நிலைமையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நிறுத்துமிடமல்லாத இடத்தில் இறக்கிய பிரயாணிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், "யார் சொல்லி நிறுத்தினீர்?" என்பதே முதற்கேள்வியாயிருக்கும். மெமோ வரும், வேலை நீக்கம் வரும். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்குப் பழைய இந்தியன் பீனல் கோடின் 304-அ பிரிவில் இரண்டு வருஷம் வரையில் தண்டனை இருந்தது. 2024ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையின் 106ஆவது பிரிவு அதை ஐந்து வருஷம் வரையில் உயர்த்தியிருக்கிறது. இரக்கப்பட்டு நிறுத்துபவருக்கு எழுத்து மூலமான ஆதாரம் ஒன்றும் இல்லை. இந்நிலையில் வாயால் மட்டும், "மனிதாபிமானத்துடன் நடந்துகொள்ளுங்கள்" என்று தொழிலாளருக்கு உபதேசம் செய்யும் மேலதிகாரி, நன்மையின் புகழைத் தமக்கு வைத்துக்கொண்டு, அதன் அபாயத்தைத் தொழிலாளியின் தலையிற் கட்டுகிறார்.

நிறுத்துமிடத்தை விட்டு விலகி இறக்குவதில் மற்றொரு வகையும் உண்டு. அதைப்பற்றி அதிகாரிகள் பேசக் காணோம். பிரயாணி கேளாமலே, டிரைவரின் சௌகரியத்துக்காக இறக்குவதே அது. நிறுத்துமிடத்தைத் தாண்டி முப்பது கஜ தூரம் சென்று நிறுத்துவதும், அங்கே ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஓடுவதும் நாம் தினந்தோறும் காணும் காட்சி. 2021ஆம் வருஷம் மே மாதம் 8ஆம் தேதி முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யும் ஏற்பாடு வந்த பிற்பாடு, பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்துமிடங்களைக் கண்டும் காணாததுபோல் வண்டி போய்விடுகிறது என்ற முறையீடும் சேர்ந்துகொண்டது. 2025ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் திருப்பத்தூர் ஜில்லாவில், பொதுப் பரீட்சைக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி, நிற்காமற் சென்ற சர்க்கார் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிய காட்சியை நாடே பார்த்தது. டிரைவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. படம் பிடிப்பவர் ஒருவர் அங்கே இருந்ததனால் எடுக்கப்பட்டது என்று சொல்லுவதே பொருந்தும்.

எல்லாவற்றிலும் கொடியது புறவழிச்சாலையில் இறக்கிவிடுவது. தூர தேசத்து பஸ்ஸில் ஊர்ப்பெயரைச் சொல்லி டிக்கெட் கொடுத்துவிட்டு, நடுநிசியில் ஊருக்குள் போகாமல், நாலு கிலோமீட்டருக்கு அப்பால் பாலத்தின் அடியில் எழுப்பி, "ஊர் வந்துவிட்டது, இறங்குங்கள்" என்பார்கள். அங்கே விளக்கில்லை, தேநீர்க் கடையில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தால் அவர் கேட்டதே கூலி. ஒரு பெண் தன் ஊர்ப் பாதையில் நிற்கச் சொன்னால் காலதாமதம் என்கிறவர்களே, காலத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாற்பது பேரை நெடுஞ்சாலையில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நிறுத்துமிட விதி பிரயாணியின் பாதுகாப்புக்காக ஏற்பட்டதென்றால், அதை முதலில் இவர்கள் மீதல்லவா பிரயோகிக்க வேண்டும்?

பிரயாணி எங்கே இறங்குவது என்ற விஷயத்தில் பணமுள்ளவர்களுக்கு நியாயஸ்தலம் திறந்திருக்கிறது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் முனையம் திறக்கப்பட்டு, தென்திசை செல்லும் ஆம்னி பஸ்கள் அங்கிருந்தே புறப்பட வேண்டுமென்று உத்தரவானபோது, உரிமையாளர்கள் சென்னை ஹைகோர்ட்டை அணுகினர். 2024ஆம் வருஷம் பிப்ரவரியில், கோயம்பேட்டிலுள்ள தங்கள் கராஜ்களில் பிரயாணிகளை ஏற்றவும் இறக்கவும் இடைக்கால அனுமதி பெற்றனர். அவர்கள் செய்ததில் தவறொன்றுமில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் வரும் கூலிக்காரி எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? அவளுக்காக ரிட் மனு யார் போடுவார்?

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழும் கனடா தேசத்து டொரண்டோ நகரில், 1991ஆம் வருஷத்திலேயே, இரவில் தனித்துப் பிரயாணம் செய்யும் பெண்கள் இரண்டு நிறுத்துமிடங்களுக்கு நடுவே வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தனர். பிற்பாடு அது எல்லாப் பிரயாணிகளுக்கும் பொதுவாக்கப்பட்டது. இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரையில் அது நடைபெறுகிறது. இறங்க விரும்புபவர் ஒரு நிறுத்துமிடத்துக்கு முன்பாகவே டிரைவரிடம் சொல்ல வேண்டும். முன்வாசல் வழியாகவே இறங்க வேண்டும். பின்வாசல் திறக்கப்படுவதில்லை, இறங்குபவரைப் பின்தொடர்ந்து எவனும் இறங்கிவிடலாகாது என்பதே அதன் உட்கருத்து. அதே தேசத்தின் மான்ட்ரியல் நகரத்தில் 1996ஆம் வருஷத்தில் இதைப் போன்ற ஏற்பாடு வந்தது. அந்நிய தேசத்து உதாரணம் வேண்டாமென்பவர்கள் பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். கேரளத்தில் சர்க்கார் போக்குவரத்துக் கழகம், இரவில் பெண்களும் முதியோரும் கேட்குமிடத்தில் நிறுத்தும்படி 2022ஆம் வருஷத்தில் தன் ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. மலையாளத்தில் நடக்கக்கூடியது செங்கோட்டைக்கு இப்பால் நடவாதா?

ஆகையால் நமது சர்க்கார் செய்ய வேண்டியது இதுவே. மாலை விளக்கேற்றும் நேரத்துக்குப் பின், எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம், விடியும் வரையில், நகரசபை எல்லைக்கு வெளியே ஓடும் டவுன் பஸ்களிலும் சாதாரண மொபசல் பஸ்களிலும், பெண்கள், முதியோர், அங்கஹீனர், சிறுவர் ஆகியோர் கேட்குமிடத்தில் இறக்கலாம் என்று எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டும். பாலம், வளைவு, நாற்கரச் சாலையின் நடுப்பகுதி ஆகியவற்றில் மட்டும் டிரைவர் மறுக்கலாம். மறுத்தால், அதற்கடுத்து ஓரங்கட்டத்தக்க முதல் இடத்தில் நிறுத்த வேண்டும். இடத்தின் பத்திரத்தை நிதானிக்கும் பொறுப்பு டிரைவரிடமே இருக்கட்டும். சாலையைக் காண்பவர் அவரே. இவ்வுத்தரவின்படி நடந்தவர் மீது, நிறுத்துமிடம் அல்லாத இடத்தில் நிறுத்தினார் என்ற ஒரே காரணத்தால் இலாகா நடவடிக்கை கூடாது என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத உத்தரவு டிப்போவின் சுவரில் தொங்கி மஞ்சளாகிப் போகும்.

கட்டணத்தில் குழப்பம் வரும் என்று சொல்லப்படும் ஆட்சேபத்துக்கு அதிக சமாதானம் தேவையில்லை. நம் பஸ்களில் கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் வசூலாகிறது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் இறங்குபவர் அடுத்த ஸ்டேஜ் வரையில் காசு கொடுத்திருந்தால் கழகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. காலதாமதம் என்ற ஆட்சேபம் பகலில் நெரிசலான பாதைக்குப் பொருந்தும். பாதி காலியாக ஓடும் கடைசி பஸ்ஸுக்கு இரண்டு மூன்று முறை அதிகமாக நிற்பதனால் ஆவது சில நிமிஷங்களே.

கடைசியாக ஒன்று. நிறுத்துமிடத்தில்தான் இறக்குவோம் என்று சொல்பவர்கள், நிறுத்துமிடம் எங்கே அமைய வேண்டுமென்று தீர்மானித்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் செல்வாக்குள்ளவர் தெருமுனையில் நிறுத்துமிடம் இருக்கும். ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட காலனி ஜனங்கள் அங்கே வந்துதான் ஏற வேண்டும், அங்கேதான் இறங்க வேண்டும். அத்தெருவில் நடப்பதும் நிற்பதும் அவர்களுக்கு எத்தகைய அவமானத்தைக் கொணரும் என்பதைக் கிராமத்தில் வேலை செய்யும் ஊழியர்கள் அறிவார்கள். 2021ஆம் வருஷத்தில் மாரி செல்வராஜ் டைரக்டு செய்த "கர்ணன்" படத்தின் கதையே பஸ் நிற்காத ஓர் ஊரைப் பற்றியதுதான். நிறுத்துமிடங்களின் ஜாபிதாவை அப்படியே வைத்துக்கொண்டு, விதியை மட்டும் கண்டிப்பாக அமல் நடத்துவது, பழைய அநீதிக்குப் புதிய முத்திரை குத்துவதாகும்.

இதற்குச் சர்க்காரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கிராம சபைகள் கூடுகின்றன. நமது ஊழியர்கள் அச்சபைகளில் எழுந்து, தங்கள் ஊர்ப் பாதை பிரியுமிடத்தில் நிறுத்துமிடம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவரட்டும். வெறுமனே "பஸ் வசதி வேண்டும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. பஸ்ஸின் தட எண், அது வரும் நேரம், இடத்தின் பெயர், முந்தின நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு தூரம், இரவில் எத்தனை பெண்கள் அங்கே இறங்குகிறார்கள் என்பவற்றைக் கணக்கெடுத்து எழுதி, அதன் நகலைக் கலெக்டருக்கும் டிப்போ மானேஜருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.